மலையேறும் முன் ஒரு தண்ணீர்க் கணக்கு

கல்விச் சுற்றுலாவுக்கு முன் மாணவர்களிடம் சொல்லும் அறிவுரைகளில் 'ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள்' என்பதும் ஒன்று. அருங்காட்சியகத்துக்கோ கோளரங்கத்துக்கோ அது போதும், மலைக்குப் போதாது. பாட்டில் அரை லிட்டரா, ஒரு லிட்டரா? அது எத்தனை மணி நேரத்துக்குத் தாங்க வேண்டும்? இதை நாம் சொல்வதில்லை. வெறும் பாறையும் படிக்கட்டுமான ஒரு பாதையில் நாற்பது குழந்தைகளோடு நிற்கும்போது அந்தக் கேள்வி எழுந்தால் பயனில்லை.

பள்ளிகள் அதிகம் செல்லும் செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். இராஜகிரி சுமார் 800 அடி உயரம், அதாவது ஏறக்குறைய 240 மீட்டர். பார்வைக்குப் பெரிய மலையில்லை. ஆனால் வெயில் ஏறிய பாறை மேலிருந்தும் கீழிருந்தும் சுடும்.

மலையேற்றத்தில் தண்ணீரைக் கிலோமீட்டரால் கணக்கிடக் கூடாது, மணியால் கணக்கிட வேண்டும். இதற்கு ஒரு பழைய சூத்திரம் உதவும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். இராஜகிரிக்கு ஏறும் நடையை இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நடைக்கு 24 நிமிடம், ஏற்றத்துக்கு 24 நிமிடம், மொத்தம் 48 நிமிடம். இது நல்ல உடல்வலுவுள்ள பெரியவர் நிற்காமல் ஏறும் கணக்கு. ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து ஏறும்போது இதை இரட்டிப்பாக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆக ஏற ஒன்றரை மணி, மேலே சுற்றிப் பார்க்க ஒரு மணி, இறங்க ஒரு மணி. மொத்தம் மூன்றரை மணி நேரம்.

அடுத்து, மணிக்கு எவ்வளவு? உடற்பயிற்சியின்போது 9 முதல் 12 வயதுள்ள குழந்தைகளுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிலிட்டர் வரை தேவைப்படலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறுகிறது. அதாவது மணிக்கு 300 முதல் 750 மி.லி. வரை. டிசம்பர், ஜனவரி காலை வேளைக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கொள்ளலாம். மார்ச் வெயிலில் மேல் எல்லையைத்தான் கொள்ள வேண்டும். அரை லிட்டர் வீதம் மூன்றரை மணிக்கு 1.75 லிட்டர். தாமதத்துக்கும் தட்டிக் கொட்டுவதற்கும் கால் பங்கு சேர்த்தால் சுமார் 2.2 லிட்டர்.

இங்கேதான் சிக்கல். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. பள்ளிப் பை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை. அதே அளவை மலைக்கும் வைத்தால், 35 கிலோ எடையுள்ள ஏழாம் வகுப்பு மாணவர் மூன்றரை கிலோ சுமக்கலாம். தண்ணீரும் பாட்டிலும் போக ஒரு கிலோ மிஞ்சும். சிறு தின்பண்டத்துக்கு அது போதும், சாப்பாட்டு டப்பா பேருந்திலேயே இருக்கட்டும். 25 கிலோ எடையுள்ள ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு எல்லை இரண்டரை கிலோ. தண்ணீரே அதை நிரப்பிவிடும். அந்த வகுப்பை உச்சிக்கு அழைத்துச் செல்லாமல், அடிவாரத்தில் உள்ள கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் காட்டித் திரும்புவதே சரி என்பது என் கருத்து. கோட்டையைக் கட்டியவர்களுக்கும் இதே கவலை இருந்தது. அங்குள்ள குளங்களையும், கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வழியே தண்ணீர் வந்த ஏற்பாட்டையும் விளக்கினால் வரலாற்றுப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

நாற்பது மாணவர்களுக்கு 88 லிட்டர், மூன்று ஆசிரியர்களுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் ஒன்பது. 20 லிட்டர் கேன் ஐந்து வேண்டும். ஏறுமுன் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்கவும் இறங்கிய பின் குடிக்கவும் இன்னும் இரண்டு. இவற்றுக்குப் பேருந்தில் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும்.

தண்ணீர் இருந்தும் குழந்தைகள் குடிக்க மாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். உற்சாகத்தில் தாகம் தெரியாது. காற்று வீசும் இடத்தில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் 'எனக்கு வேர்க்கவே இல்லை மிஸ்' என்பார்கள். ஆகவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியரே நிறுத்திக் குடிக்கச் சொல்ல வேண்டும். மாணவிகள் குடிக்காததற்கு வேறு காரணம் உண்டு: வழியில் கழிப்பறை இருக்காதே என்ற பயம். காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்த்துவிட்டு வருவார்கள், கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். எங்கே கழிப்பறை இருக்கிறது, எத்தனை மணிக்கு அங்கே நிற்போம் என்பதை முதல் நாளே மாணவிகளிடம் ஓர் ஆசிரியை சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் பாட்டிலில் அப்படியே திரும்பி வரும்.

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். உப்புக்கடலை, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நீர்மோர் போதும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கி முதலுதவிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். தலைவலி, தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் அந்தக் குழந்தையை நிழலில் உட்காரவைத்து, ஓர் ஆசிரியருடன் கீழே அனுப்ப வேண்டும். பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.

மேலே ஏறும்போது ஒரே ஒரு விதி: உச்சியை அடையும் முன் பெரும்பாலோர் பாட்டிலில் தண்ணீர் பாதியாகிவிட்டால், எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இதைப் புறப்படும்போதே மாணவர்களிடம் சொல்லிவிட்டால் பாதி வழியில் கெஞ்சல் குறையும். குரங்குகள் பாட்டிலைப் பறிக்கும் இடம் அது என்பதால் பாட்டில் கையில் இல்லாமல் பைக்குள் இருக்கட்டும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு இந்தக் கணக்கை வகுப்பிலேயே போடச் செய்யலாம். தன் எடை, தன் பையின் எடை, தன் பாட்டிலின் கொள்ளளவு என ஒவ்வொருவருக்கும் விடை வேறாக வரும். பையை எடை போடத் தராசு சத்துணவுக் கூடத்தில் இருக்கும்.