கோடை டயரில் ஒரு குளிர்காலம்

"எத்தனை வெள்ளி மிச்சம் பிடிச்சீங்க?"

என் மனைவி அன்று கேட்டது இவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

2022 ஆகஸ்டில், பினாங்குத் தொழிற்சாலையிலிருந்து இரண்டு ஆண்டு வேலைக்காக என்னை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஊர் ரேகன்ஸ்பூர்க். பவேரியா மாநிலத்தில், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய நகரம். மனைவியும் நான்கு வயது மகளும் உடன் வந்தார்கள். போன மூன்றாவது வாரமே ஒரு பழைய கோல்ஃப் கார் வாங்கினோம். நான்கு டயர்களும் புதிது போலவே இருந்தன. "இவை கோடை டயர்கள், குளிர்காலத்துக்கு வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று விற்றவர் சொல்லத்தான் செய்தார். நானும் தலையை ஆட்டினேன். நம் நாட்டில் டயர் என்றால் டயர். அதில் கோடை என்ன, குளிர் என்ன?

அக்டோபர் பிறந்ததும் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. "மாற்றியாகிவிட்டதா?" என்று நம்மூரில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதுபோல் கேட்டார்கள். அங்கே 'ஓ முதல் ஓ வரை' என்று ஒரு கணக்கு உண்டு. ஒக்டோபரில் குளிர்கால டயரைப் போட்டு, 'ஓஸ்டர்ன்' என்று அவர்கள் சொல்லும் ஈஸ்டர் திருநாளில் கழற்றுவது. நானும் விலை விசாரித்தேன். நான்கு டயர், நான்கு இரும்பு ரிம், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 560 யூரோ. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 2,600 வெள்ளி. இரண்டே இரண்டு குளிர்காலத்துக்கு!

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். படித்தவன் செய்கிற தவறு அங்கேதான் தொடங்கியது. ஜெர்மனியில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கட்டாயம் இல்லை. சாலையில் பனியோ, பனிச்சேறோ, உறைபனியோ இருக்கும்போது குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். மீறினால் 60 யூரோ அபராதமும் உரிமக் கணக்கில் ஒரு புள்ளியும். சரி, பனி விழும் நாளில் காரை எடுக்காமல் பேருந்தில் போய்விட்டால் முடிந்தது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் இதைப் பெருமையாகவும் சொன்னேன்.

டிசம்பரில் ஒரு நாள் காலை சாலை காய்ந்து கிடந்தது. மாலையில் மகளைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு மூவரும் வீடு திரும்பும்போது பனி விழத் தொடங்கியது. நகரின் வட பக்கம் மேடு. அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு தெருவில் வந்துகொண்டிருந்தோம். வேகம் 30 கூட இருக்காது. கீழே சந்திப்பு தெரிந்ததும் பிரேக்கை அழுத்தினேன். காலடியில் டகடகவென்று பெடல் அதிர்ந்தது. கார் மட்டும் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அதற்கும் அசையவில்லை. ஆற்றில் விட்ட கட்டை மாதிரி கார் தன்பாட்டுக்கு இறங்கி, நிறுத்தக் கோட்டைத் தாண்டி, சந்திப்பின் நடுவே போய், எதிர்ப்பக்க நடைபாதை விளிம்பில் முட்டி நின்றது. வலப்பக்கம் வந்த பேருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்றிருந்தது. அந்த ஓட்டுநர் ஹாரன்கூட அடிக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னிருக்கையிலிருந்து மகள் கைதட்டினாள். "அப்பா, இன்னொரு தடவை!"

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிய பிறகுதான் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பனியை விடக் குளிர்தான் காரணம்

அடி பட்டும் உடனே புத்தி வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அலுவலக அறிவிப்புப் பலகையில் 'குளிர்கால டயர் நான்கு, 80 யூரோ' என்று ஒரு சீட்டு இருந்தது. அதை வாங்கி, பேருந்துப் பாதையில் இருந்த டயர் கடைக்கு ஒரு நண்பரின் வேனில் கொண்டுபோனேன். பொருத்துவதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதுமே.

கடையை நடத்தியவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. டயரைத் தொடுவதற்கு முன் அதன் பக்கச் சுவரைத்தான் படித்தார். அங்கே 'டிஓடி' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 3116. அதாவது 2016ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்தது. பக்கத்தில் 'எம் பிளஸ் எஸ்' என்று இருந்தது, சேறும் பனியும் என்று பொருள்.

"பூ நிறைய இருக்கிறதே" என்றேன். நம்மூர்ப் பட்டறைகளில் டயரின் பள்ளம் மேட்டைப் 'பூங்ஙா' என்பார்கள் அல்லவா, அதைத்தான் ஜெர்மன் மொழியில் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"பூ இருக்கிறது, ரப்பர் இல்லை" என்றார் அவர்.

வெளியே இரவெல்லாம் குளிரில் கிடந்த ஒரு கோடை டயரையும் ஒரு குளிர்கால டயரையும் காட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். கோடை டயர் காய்ந்த செருப்புத் தோல் மாதிரி இருந்தது. மற்றது அழுத்தியதும் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும் என்பது அங்கே எல்லாரும் வைத்திருக்கும் ஒரு மோட்டாக் கணக்கு. இறுகிய ரப்பரால் சாலையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களைப் பற்ற முடியாது. பனி விழாத, வெறும் ஈரமான குளிர் நாளிலும் அந்தப் பிடி குறையும்.

குளிர்கால டயரின் பூவில் கத்தியால் கீறினாற்போல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். டயர் தரையில் படும்போது அவை விரிந்து பனியைக் கவ்வும். கவ்விய பனி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பனி பனியோடு நன்றாக ஒட்டும் என்பது, பனிப்பந்து உருட்டிய பிள்ளைகளுக்குத் தெரியும். என் மகளுக்கு அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

ரப்பர் குளிரிலும் இளகி இருக்க என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். சிலிக்கா சேர்ப்பார்கள், கோடை டயரை விட இயற்கை ரப்பரையும் கூடுதலாகச் சேர்ப்பார்கள் என்றார். மரத்துப் பாலில் செய்த ரப்பர், செயற்கை ரப்பர் பலவற்றை விட அதிகக் குளிரைத் தாங்கும். கிட்டத்தட்ட மைனஸ் 70 டிகிரிக்குப் போனால்தான் அது கண்ணாடி மாதிரி விறைக்கும்.

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கும் மேல் பால் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்னே நெற்றி விளக்கோடு நிரைக்குப் போவார். மங்கில் உறைந்த கட்டிப்பாலும், பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலும் அவர் வாளியோடு வீட்டுக்கு வாசம் கொண்டுவரும். ஒட்டுப்பாலை உருட்டி நாங்கள் பந்து செய்து விளையாடியிருக்கிறோம். இன்று உலகத்துக்கு அதிகமாக ரப்பர் தருவது தாய்லாந்தும் இந்தோனேசியாவும்தான். எந்த நாட்டு மரத்துப் பால் என்று எந்த டயரிலும் எழுதியிருக்காது. ஆனாலும் பால்மரக் காட்டுப் பேரன் ஒருவன், ரப்பர் குளிரில் என்ன ஆகும் என்று ஒரு ஜெர்மன் பெண்மணியிடம் பாடம் கேட்டுக்கொண்டு நின்றது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

மலையும் பனித்துளியும்

நான் கொண்டுபோன டயரை அந்நாளில் சட்டப்படி போட்டிருக்கலாம். 2017 முடிவுக்குள் செய்த 'எம் பிளஸ் எஸ்' டயர்களை 2024 செப்டம்பர் 30 வரை ஓட்ட அனுமதி இருந்தது. நாங்கள் ஊர் திரும்புவது 2024 ஆகஸ்டில். கணக்கு எனக்காகவே போட்டது மாதிரி இருந்தது! ஆனால் அந்த எழுத்துகளுக்குப் பின்னால் எந்தச் சோதனையும் கிடையாது, தயாரிப்பாளர் விரும்பினால் அச்சிடலாம் என்று அவர் விளக்கினார். மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துளி வடிவமும் உள்ள முத்திரை வேறு. பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். இப்போது ஜெர்மனியில் குளிர்கால டயர் என்று சட்டம் ஏற்பது அந்த முத்திரை உள்ளதை மட்டும்தான். எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் டயரிலும் அந்த முத்திரை இருந்தால் ஓட்டலாம். ஊரை விட்டு வெளியே போகாதவர்களுக்கு அது போதும் என்பார்கள். மேட்டில் குடியிருந்த எனக்கு அவர் அதைச் சிபாரிசு செய்யவில்லை.

80 யூரோ போனது போனதுதான்.

பிறகு காரின் பதிவுப் பத்திரத்தைக் கேட்டார். 195/65 ஆர் 15. டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். அடுத்து வரும் 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 'டி' என்ற எழுத்து 190 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். குளிர்கால டயரில் மட்டும், காரின் உச்ச வேகத்தை விடக் குறைந்த எழுத்து இருந்தாலும் ஏற்பார்கள், அந்த வேகத்தை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் '190' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். நம் கோல்ஃப் எந்த நாளில் 190 போனது!

முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா என்று கடைசியாக ஒரு முறை பேரம் பேசிப் பார்த்தேன். முன்சக்கரம் பற்றி நிற்கும், பின்சக்கரம் பற்றாமல் காரையே சுழற்றிவிடும் என்றார். நான்கும் வாங்கினேன். ஆக விலை உயர்ந்ததை அவர் என் தலையில் கட்டவில்லை. ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் டயர் சோதனை அட்டவணையை மேசையில் விரித்து, ஈரச் சாலை, பனி, உறைபனி மூன்றிலும் சுமாராகவாவது தேறிய நடுத்தர விலை டயர் ஒன்றைக் காட்டினார். ஒன்றில் முதலிடமும் இன்னொன்றில் தோல்வியும் வாங்கிய டயர் வேண்டாம் என்பது அவர் கட்சி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

பொருத்திய 50 கிலோமீட்டருக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்க வரச் சொன்னார். குளிரில் காற்றழுத்தம் இறங்கும், 10 டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 பார், அதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கழற்றிய கோடை டயர்களில் எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று சாக்கட்டியால் எழுதி உள்ளே அடுக்கினார். அந்த இடத்துக்குப் பெயர் 'டயர் ஹோட்டல்'. வாடகை உண்டு, காலை உணவு இல்லை என்று அவரே சிரித்தார்.

அந்த டயர்களின் அருமை மறு ஆண்டுதான் முழுதாகத் தெரிந்தது. 2023 டிசம்பர் 2 அன்று தென் பவேரியாவில் கொட்டிய பனியில் மியூனிக் விமான நிலையத்திலேயே விமானங்கள் நின்றுபோயின. எங்கள் பக்கமும் பனிதான். மகளுக்குக் காய்ச்சல். மருந்துக் கடைக்கு அதே தெருவில் இறங்கினேன். அதே சந்திப்பு. பிரேக்கை அழுத்தினேன், கோட்டுக்கு முன்னால் கார் நின்றது. பக்கத்து இருக்கையில் மனைவி கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். அடுத்த தெரு வந்த பிறகுதான் விட்டாள்.

இங்கே பினாங்கில் இருப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். மழைக்கும் நல்லதாயிற்றே, அந்த டயரைக் கொண்டுவந்திருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நம் வெயிலில் கொதிக்கும் தார்ச் சாலையில் அந்த இளகிய ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும், பிரேக்குக்கும் சரியாக நிற்காது. ஆனால் அந்த நான்கு எண் நம் டயரிலும் இருக்கிறது. பழைய டயர் வாங்குகிறவர்கள் பூவை மட்டும் பார்க்காமல் அதையும் படியுங்கள். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே பூ தேய்ந்தால் இங்கும் சட்டப்படி குற்றம்தான். குளிர்காலத்தில் ஹொக்கைடோவுக்குப் போய் வாடகைக் கார் எடுக்கும் இளையவர்கள், சாவி வாங்கும் முன் டயரை ஒரு முறை குனிந்து பாருங்கள்.

2024 ஆகஸ்டில் புறப்படும்போது டயர்களை விற்றேன். இரண்டு குளிர்காலம் ஓடியும் பூ 6 மில்லிமீட்டர் இருந்தது. சட்டம் கேட்பது 1.6தான், ஆனால் பனிக்கு 4 வேண்டும் என்பது அங்குள்ளவர்கள் கணக்கு. 2 யூரோ நாணயத்தின் வெள்ளி விளிம்பு 4 மில்லிமீட்டர். பள்ளத்தில் நாணயத்தை நிறுத்தினால் விளிம்பு மறைய வேண்டும். வாங்க வந்தவர் எனக்குப் பதிலாக வேலைக்கு வந்த கிள்ளான் தம்பி. மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி.

"அண்ணே, ரெண்டு வருஷந்தானே. இதெல்லாம் தேவையா?" என்றார்.

பாக்கெட்டிலிருந்து 2 யூரோ நாணயத்தை எடுத்துக் கொடுத்து, பள்ளத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நான்கு டயரிலும் வைத்துப் பார்த்தார். பிறகு அந்த மேட்டுத் தெருவுக்குக் கூட்டிப்போய்ச் சந்திப்பைக் காட்டினேன். 150 யூரோவை எண்ணிக் கொடுத்துவிட்டு, பேச்சு மும்முரத்தில் நாணயத்தைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போனார். நானும் கேட்கவில்லை.