நர்த்தகி நடராஜ்: தஞ்சை நால்வர் மரபின் ஒரு வாரிசு

பரதநாட்டியத்தை மும்பைத் தமிழர்களுக்கு யாரும் புதிதாக அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் 1945இலேயே தொடங்கிவிட்டது. திருவிடைமருதூர் குப்பையா பிள்ளை குடும்பத்து நட்டுவனார்கள் இங்கே குடியேறி, பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பேத்தியின் அரங்கேற்றம் என்றால் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் உறவு முழுவதும் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்துவிடும்.

அரங்கேற்றம் முடிந்து வீடு திரும்பும் வழியில், சயான் சிக்னலில் வண்டி நிற்கிறது. கைதட்டிக்கொண்டு ஒருவர் வருகிறார். கண்ணாடி மேலே ஏறுகிறது. "அந்தப் பக்கம் பாக்காதே" என்று பின்சீட்டில் இருக்கும் குழந்தைக்கு எச்சரிக்கை. தட்டும் அந்தக் கைகளில் சில தமிழ்க் கைகள் என்பது நமக்குத் தெரியாததல்ல. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட தமிழ்நாட்டுத் திருநங்கையர் பலர் பல்லாண்டுகளாக மும்பைக்கும் புனேவுக்கும் ரயிலேறி வந்திருக்கிறார்கள். அந்த வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள், லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் எழுதிய 'நான், சரவணன் வித்யா' என்ற தன்வரலாற்றைப் படித்துப் பார்க்கலாம். சுலபமாக மூடி வைக்கக்கூடிய புத்தகம் அல்ல.

அரங்கேற்ற மேடையும் சிக்னலும் வேறு வேறு உலகங்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல என்று காட்டியது ஒரு மதுரைக்காரரின் வாழ்க்கை. அவர்தான் நர்த்தகி நடராஜ்.

மதுரை அனுப்பானடியில் 1964இல் பிறந்தவர். ஆண் குழந்தை என்று பெயரிட்டு வளர்த்த வீட்டில், தான் பெண் என்று உணர்ந்தார். வீடு ஏற்கவில்லை, ஊரும் ஏற்கவில்லை. அவரைப் போன்றே தன்னை உணர்ந்த ஒரு தோழி மட்டும் கூட இருந்தார். அவர்தான் சக்தி. சின்ன வயதிலேயே இருவரும் சேர்ந்து வீட்டைத் துறந்தார்கள். சினிமாவில் வைஜயந்திமாலாவும் பத்மினியும் ஆடியதைப் பார்த்துப் பார்த்தே ஆடப் பழகியவர்கள் இவர்கள். ('வஞ்சிக்கோட்டை வாலிபன்' போட்டி நடனத்தை இன்றைக்கும் டிவியில் போட்டால் நம் வீடுகளில் சமையல் நின்றுவிடுகிறது இல்லையா?)

திருநங்கை ஆட விரும்பினால் ஊர்த் திருவிழாவில் கரகம் ஆடலாம், கூத்தில் வேஷம் கட்டலாம். அதற்கு இடம் இருந்தது. ஆனால் நர்த்தகி கேட்டது அந்த இடத்தை அல்ல. வைஜயந்திமாலாவின் குருவிடமே கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தக் குரு, தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளை.

கிட்டப்பா பிள்ளை யார் என்று தெரிந்தால்தான் அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று புரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய அரசவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று நான்கு சகோதரர்கள் இருந்தார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்கள். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று உங்கள் பெண் ஆடும் கச்சேரி வரிசைக்கு வடிவம் கொடுத்தவர்கள் இவர்களே. அந்த நால்வரின் வழியில் 1913இல் பிறந்தவர் கிட்டப்பா பிள்ளை. நால்வரின் வர்ணங்கள் வீட்டுச் சொத்தாக அவரிடம் இருந்தன. வழக்கொழிந்துபோன நவசந்திக் கவுத்துவங்களை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அப்படிப்பட்டவரின் வாசலில் இரண்டு திருநங்கையர் போய் நின்றார்கள். 1980களில் இது நடந்தது. அன்று அவர்களுக்கு ஆதரவாகச் சட்டமும் இல்லை, வாரியமும் இல்லை. பிள்ளையவர்கள் உடனே 'சரி' என்று சொல்லிவிடவில்லை. பல மாதங்கள் காக்கவைத்தார். ஆர்வம் நிஜமா என்று பார்த்தபின் சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு வந்தது சுமார் 15 ஆண்டு குருகுல வாசம். 'நர்த்தகி' என்று பெயர் சூட்டியதும் குருவே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றியபோது நர்த்தகி அவருக்கு உதவியாளராகவும் இருந்தார். 1999இல் குரு மறையும்வரை அந்தத் தொடர்பு அறவில்லை.

15 ஆண்டு என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, அதிலும் பரீட்சை வந்தால் லீவு என்பது நம் கணக்கு. குருகுலத்தில் பாடம் வகுப்போடு முடிவதில்லை. தட்டுக்கழியின் ஓசை, குரு தனக்குள் முணுமுணுக்கும் சொற்கட்டு, ஒரு வர்ணத்தின் சாகித்தியத்தில் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு நேரம் நிற்பது என்ற நிதானம் எல்லாமே பாடம்தான். ஒரு பதவர்ணம் சாதாரணமாக அரைமணி நேரத்துக்கு மேல் போகும். தாளத்தில் ஜதி துல்லியமாக இறங்க வேண்டும். அடுத்த கணமே தலைவனுக்காக ஏங்கும் பெண்ணின் முகம் வர வேண்டும். இதைப் பரிதாபத்துக்காக யாரும் கற்றுக்கொடுக்க முடியாது. வந்தால் வரும், வராவிட்டால் வராது.

நர்த்தகியின் தனிச்சிறப்பு நாயகி பாவம் என்பார்கள். நாயகி பாவம் ஒன்றும் புதிதல்ல. நம்மாழ்வார் பராங்குச நாயகியாக உருகினார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் கன்னிப் பெண்களின் குரலில் பாடினார். மார்கழி விடியலில் மாட்டுங்காக் கோயில்களில் நாமும் சேர்ந்துதானே பாடுகிறோம்? மெலட்டூர் பாகவத மேளாவில் ஆண்கள்தான் பெண்வேஷம் கட்டுகிறார்கள். நட்டுவனார்கள் ஆண்களாக இருந்தே பெண்ணின் மனதைக் கற்பித்தார்கள். பாட்டிலும் கூத்திலும் இதைக் கும்பிடுகிற நமக்கு, சொந்த வீட்டுப் பிள்ளை "நான் பெண்" என்று சொன்னால் மட்டும் கை ஓங்குகிறது.

இலக்கியத்தில் இன்னும் பின்னே போகலாம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று 'பேடு'. வாணனின் நகரில் சிறைப்பட்ட மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பேடி வடிவில் ஆடிய ஆட்டம் அது. மணிமேகலையிலும் புகார் நகரத் தெருவில் சனங்கள் நின்று இந்த ஆட்டத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஓர் இலக்கணமே சொல்கிறார். பேடியைக் குறிக்கும் சொல்லுக்கும் தெய்வத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் தனி ஈறு இல்லை; இரண்டும் உயர்திணை ஈறுகளையே கொள்ளும் என்கிறார். கவனியுங்கள், உயர்திணை! நாமோ "அதுங்க வந்துடுச்சு" என்று அஃறிணையில் பேசுகிறோம். தமிழை இங்கே குழந்தைகளுக்குக் கற்பிக்கிற நாம், முதலில் திருத்த வேண்டிய இலக்கணப் பிழை இது என்பது என் எண்ணம்.

இந்தப் பழந்தமிழ்ச் செல்வத்தை நர்த்தகி சும்மா விடவில்லை. சங்கப் பாடல், தேவாரம், ஆண்டாள் என்று தமிழையே தன் ஆடலின் பொருளாக எடுத்துக்கொண்டார். வெளிநாட்டு மேடைகளிலும் அதையே ஆடினார்.

பட்டங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு அரசின் கலைமாமணி 2007இல் கிடைத்தது. 2011ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது, 2016இல் பெரியார் மணியம்மை பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம் தொடர்ந்தன. 2019இல் பத்மஸ்ரீ. அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே. 2021இல் தமிழ்நாடு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவர் வாழ்க்கை தமிழ்நாட்டுப் பள்ளித் தமிழ்ப் பாடநூலிலும் இடம்பெற்றது.

இதற்கிடையே நாடும் கொஞ்சம் நகர்ந்தது. தமிழ்நாடு அரசு 2008இல் அரவாணிகள் நல வாரியத்தை அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம், தன் பாலினம் எது என்று கூறும் உரிமை அவரவருக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் தன்னையும் இணைத்துக்கொண்டு போராடியவர் நம் பக்கத்துத் தாணேயைச் சேர்ந்த லக்ஷ்மி நாராயண் திரிபாடி. அவரும் முறையாகப் பரதநாட்டியம் பயின்றவர் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டின் ஆட்டம் தாணேயில் ஒரு திருநங்கைக்குத் துணையாக இருந்திருக்கிறது.

நர்த்தகியைப் பற்றிப் பேசும்போது "திருநங்கையாக இருந்தும் இவ்வளவு சாதித்தாரே" என்று சிலர் வியப்பார்கள். பாராட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த 'இருந்தும்' என்ற சொல்லில், அவரிடம் ஏதோ குறை என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. தடை அவர் உடம்பிலா இருந்தது? வாசலில்தானே இருந்தது! தஞ்சாவூரில் ஒரு பெரியவர் கதவைத் திறந்ததால் நால்வரின் அரிய வர்ணங்கள் ஒரு நல்ல உடலில் ஏறி இன்றுவரை வந்திருக்கின்றன. அன்று அவர் மறுத்திருந்தால் நஷ்டம் நர்த்தகிக்கு மட்டுமல்ல. சயான் சிக்னலில் நிற்பவர்களில் எத்தனை பேர் எந்த வாசலில் மறுக்கப்பட்டார்கள் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

இப்போது கற்பிக்கும் இடத்தில் நர்த்தகி இருக்கிறார். தோழி சக்தியும் பிரியாமல் உடன் நின்றவர். கலைப்பணிக்காக உருவாக்கிய அறக்கட்டளைக்கு 'வெள்ளியம்பலம்' என்று பெயர். மதுரை மீனாட்சி கோயிலுக்குப் போனவர்கள் அந்தச் சந்நிதியைப் பார்த்திருப்பீர்கள். மற்ற ஊர்களில் இடக்காலைத் தூக்கி ஆடும் நடராசர், ராசசேகர பாண்டியன் வேண்டியதற்காக, அங்கே மட்டும் கால் மாற்றி வலக்காலைத் தூக்கி நிற்கிறார்.