சூளையே வீடாகும்போது

விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மை உருப்பெறுவதை நெருப்பு தொடங்கி வைப்பதில்லை; நீர்தான் தொடங்கி வைக்கிறது. களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சினுள் ஊற்றுகிறார்கள். அச்சின் நுண்துளைகள் நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படிந்து தடிக்கிறது. போதிய தடிமன் ஏறியதும் எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளீடற்ற பொம்மை அச்சோடு நிற்கும். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைப் போர்த்திக் கிடக்கும் மண்ணடுக்குகளில் இத்தொழிலுக்கு உதவும் வெண்களிமண்ணும் உண்டு.

இவ்வட்டாரத்துக்கு வடகிழக்கே, புதுச்சேரியில், 1971இல் அமெரிக்கர் இருவர் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்கலக் கூடத்தை நிறுவினர். டெபோரா ஸ்மித் ஜப்பானின் பிசென் நகரில் தொழில் பயின்றவர். ரே மீக்கர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும் மட்கலக் கலையும் கற்றவர். அவர்கள் வளர்த்தது ‘ஸ்டோன்வேர்’ எனும் கல்லொத்த கலம்.

நம் குயவர்களான வேளாரின் திறந்த சூளை 700 முதல் 900 பாகை செல்சியசு வரை எரியும். அதில் வெந்த பானை நுண்துளை உடையது. நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. ஸ்டோன்வேருக்கோ ஏறத்தாழ 1,200 பாகைக்கு மேல் வேண்டும். ஏறத்தாழ 550 பாகையில் களிமண் தன்னுள் பிணைந்த நீரை இழக்கிறது. 573 பாகையில் குவார்ட்ஸ் மணிகள் வடிவம் மாறித் திடீரென விரிகின்றன. அவசரப்பட்டவன் கலத்தை உடைத்துக்கொள்வது இவ்விடத்தில்தான். அதற்கும் மேலே ஃபெல்ஸ்பார் உருகித் துளைகளை நிரப்ப, முல்லைட் என்னும் ஊசிப் படிகங்கள் பின்னிக்கொண்டு வலிமை தருகின்றன. விறகுச் சாம்பலும் வீணாவதில்லை. அதிலுள்ள சுண்ணமும் பொட்டாசும் மண்ணின் மணற்கூற்றை இளக்கி மெருகாக்குகின்றன.

இவையெல்லாம் எந்தப் பீங்கான் பாடநூலிலும் கிடைப்பவை. மீக்கரை நான் வியப்பது வேறொன்றுக்காக. ஈரானில் மண்வீடுகளைச் சுட்டுப் பார்த்த கட்டடக்கலைஞர் நாதர் கலீலியின் வழியில், 1980களின் நடுவிலிருந்து அவர் முழு வீட்டையே சுடத் துணிந்தார். பச்சை மண்ணால் வளைகூரை எழுப்பி, உள்ளே செங்கற்களை அடுக்கி, வாயில்களை அடைத்துத் தீ மூட்டினால் வீடே சூளையாகிவிடும். உள்ளே வெந்த செங்கல்லை விற்றால் விறகுச் செலவு குறையும். கணக்கு அழகாகத்தான் இருந்தது.

ஆனால் சுவர் எளிதில் வசப்படவில்லை. ஈரம் எஞ்சியிருக்கும் இடத்தில் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். தடிமன் இருமடங்கானால், வெப்பம் ஊடுருவும் நேரம் ஏறத்தாழ நான்மடங்காகும். உட்புறம் செந்தணலாய் ஒளிரும்போதும் வெளிப்புறம் பச்சை மண்ணாகவே நின்றுவிடக்கூடும். அடுத்த பருவமழைக்கு அதுவே இலக்கு. சுவரைத் தாண்டி வெளியே போகும் வெப்பத்துக்கும் விறகு வாங்கியாக வேண்டும். எளியோர்க்கு மலிவான வீடு என்ற எதிர்பார்ப்புக்கு இந்த வெப்பக் கணக்கே பெருந்தடை.

பத்தாண்டுக்கு மேல் இம்முயற்சியில் இருந்த மீக்கர், பின்னர் பெரும் பீங்கான் சிற்பங்களுக்குத் திரும்பினார். கோல்டன் பிரிட்ஜில் பயின்ற பலர் புதுச்சேரி, ஆரோவில் பக்கங்களில் சொந்தச் சூளைகள் கட்டி இன்றும் கலங்கள் சுடுகிறார்கள்.