பழைய மேசைக்கு வீட்டிலேயே சாக் பெயிண்ட்: கொடைக்கானல் குளிருக்கு ஏத்த மாதிரி

கொடைக்கானல்ல பழைய மேசை, அலமாரி மலிவா கிடைச்சா, சாக் பெயிண்ட் அடிச்சுப் புதுசாக்க முடியுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா முடியும்.

1990-ல் ஆனி ஸ்லோன் உருவாக்கிய பெயிண்ட் இது. டப்பாவா வாங்கினா விலை ஜாஸ்தி. வீட்டில் செய்ய, ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு பங்கு தண்ணி, மூணு பங்கு எமல்ஷன். முதல்ல பவுடரைத் தண்ணியில் கட்டியில்லாமல் கரைச்சு, அப்புறம் பெயிண்ட்டில் சேருங்க. தண்ணி பட்டதுமே பிளாஸ்டர் இறுக ஆரம்பிக்கும். அதனால கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க.

காசைவிடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. இது பழைய பூச்சு மேலேயே பிடிக்கும். முழுசா தேய்ச்சு எடுக்க வேண்டாம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாதுங்கிற விதி இந்தியாவில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதுக்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா வர்ற தூசி குழந்தைங்க மூளையைப் பாதிக்கும். சோப்புத் தண்ணியில் துடைச்சு, நல்லா காயவிட்டு அடிங்க. பூச்சு உரிஞ்சு வந்தாலோ, குழந்தை கடிக்கிற தொட்டிலா இருந்தாலோ, அந்தச் சாமானே வேண்டாம்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மூடுபனியிலும், 10 டிகிரிக்குக் கீழேயும் எமல்ஷன் சரியா காயாது. வெயில் வந்ததும் மெல்லிசா ஒரு கோட், அடுத்தது மறுநாள். காய்ஞ்ச பூச்சு ஈரத்தை உறிஞ்சும். அதனால மேலே மெழுகோ கிளியர் வார்னிஷோ கட்டாயம்.