ஒரு குரலின் மறுபக்கம்

சிலப்பதிகாரத்தின் ஓரத்திற் சிறுமியாய்த் தோன்றும் மணிமேகலை, தன் பெயர் கொண்ட காப்பியத்திலே தலைவியாகின்றாள். அவ்விரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்று வழங்கும் நமக்கு, ஒரு கதையின் புறத்தே நின்றார் மற்றொன்றின் நடுவே வருதல் புதிதன்று. திரைப்படத்திலும் அத்தகைய இணை ஒன்று உண்டு.

அல்பொன்சோ குவாரோன் நெறிப்படுத்தி 2013இல் வெளிவந்த 'கிரவிற்றி', மறு ஆண்டில் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. துணைவரை இழந்து, எரிபொருளற்ற சோயுஸ் கலத்துள் றயன் ஸ்ரோன் என்பாள் தனித்திருந்து வானொலியில் உதவி வேண்டுகின்றாள். மறுமொழியாய் வருவது அறியாத மொழியில் ஓர் ஆண்குரல். அதன் பின்னே நாய்க் குரைப்பும் குழந்தையின் அழுகையும். 'மேடே' என்னும் ஆபத்துச் சொல்லை அவன் அவள் பெயரென்றே கொள்கின்றான். அவன் முகத்தை நாம் காண்பதில்லை.

அம்முகத்தைக் காட்டுவது 'அனிங்காக்' என்னும் துணைப்படம். தந்தையுடன் சேர்ந்து மூலக்கதையை எழுதிய ஹொனாஸ் குவாரோன், கிறீன்லாந்தின் பனிவெளியில் இதனை ஏறத்தாழ ஏழு நிமிட அளவிற் படமாக்கினார். மூலப்படத்திற் குரல் தந்த ஓர்ட்டோ இக்னாற்றியுசனே இதில் நடித்துள்ளார். (கிறீன்லாந்துப் பழங்கதைகளில் அனிங்காக் என்பது நிலவின் பெயர் என்பதையும் ஈண்டுக் குறிக்கலாம்.)

மனைவியோடும் குழந்தையோடும் பனியிலே தங்கியிருக்கும் அவனுக்கு வந்த துயர் வேறு. அன்பாய் வளர்த்த நாய் நோயுற்றுக் கிடக்கின்றது, அதனைக் கொல்லவேண்டும். அதனையே முகமறியாப் பெண்ணொருத்திக்குச் சொல்லுகின்றான். சாவை நோக்கியிருப்பவளோடு பேசுகின்றோம் என்பதை அவன் அறியான். அவனும் ஒரு சாவைப் பற்றியே பேசுகின்றான் என்பதை அவள் அறியாள். நாயின் ஊளையைத் தானும் ஊளையிட்டுக் காட்டுகின்றாள். விளையாட்டுப்போலத் தோன்றும் அவ்விடமே இரண்டு படங்களிலும் என்னை மிக வருத்தியது.

இது நடக்கக்கூடியதா என இயற்பியல் ஆசிரியர் வினவலாம். நடுத்தர அலைகளை அயன்மண்டலம் பெரும்பாலும் மறித்துவிடும். உயர்ந்த மீடிறன் அலைகளோ ஊடுருவிச் செல்லும். 1983இல் கொலம்பியா ஓடத்திலிருந்து ஓவன் கரியற், பூமியிலிருந்த பொழுதுபோக்கு வானொலியாளருடன் அவ்வாறே பேசினார். ஆகவே கற்பனை முற்றும் ஆதாரமற்றதன்று.

துணைப்படத்தை மட்டும் பார்ப்பவர் அதனை ஒரு நாயின் கதையென்றே கொள்வர். அவ்வாறு கொள்ள இடமிருப்பதே அதன் சிறப்பு. மாணவர் முதலில் மூலப்படத்தையும் பின்பு இதனையும் பார்த்து, மீண்டும் மூலப்படத்தின் அவ்வொரு காட்சிக்குத் திரும்புவாராக. முன்பு வெறும் இரைச்சலாய்க் கேட்ட குரைப்பில், இப்போது அந்த நாயின் குரலைத் தேடத் தொடங்குவர்.