உங்களுக்குத் தெரியுமா? பஸ்ஸர் தகடு டிரம் வாசிக்கும்!

பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளில் இருக்கும் மெல்லிய பீசோ தகடுதான் எலெக்ட்ரானிக் டிரம் பேடின் காது. மின்சாரம் கொடுத்தால் ஒலிக்கும்; குச்சியால் தட்டினால் மின்சாரம் தரும். அழுத்தத்தில் மின்சாரம் பிறப்பதை 1880இல் கண்டறிந்தவர்கள் ஜாக், பியர் கியூரி சகோதரர்கள்.

வீட்டிலேயே செய்பவர்கள் ரப்பர் பேடுக்கு அடியில் தகட்டை ஒட்டி, அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையின் அனலாக் முனையில் இணைக்கிறார்கள். ஓங்கி அடித்தால் பல வோல்ட் எகிறும், சிப் தாங்காது. ஆகவே தகட்டுக்கு இணையாக 1 மெகாஓம் ரெசிஸ்டர், 5.1 வோல்ட் ஜீனர் டயோடு இரண்டும் கட்டாயம்.

உண்மையான நுட்பம் புரோகிராமில் இருக்கிறது. ஒரே அடிக்குத் தகடு பலமுறை அதிரும். முதல் சில மில்லிநொடிகளின் உச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்துவரும் அதிர்வுகளைச் சற்று நேரம் ஒதுக்கிவிட வேண்டும்.

அந்த உச்சம் மிடி என்ற இசைக் கருவிகளின் டிஜிட்டல் மொழியில் 1 முதல் 127 வரையிலான எண்ணாகிறது. அடியின் வேகம் அதுதான். எந்த டிரம் என்பதற்குத் தனி எண்: 36 பேஸ், 38 ஸ்னேர்.