கூரையின் உண்மை விலை

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது ஆண்டவரின் போதனை. நம் குடும்பங்களோ முதல்நாள் செலவை மட்டுமே கணக்கிடுகின்றன.

கரையோரக் கிராமமொன்றில் மீனவக் குடும்பமொன்றுடன் கணக்குப் பார்த்தோம். கிடுகுக் கூரை மலிவு. ஆனால் ஓரிரு ஆண்டுக்கொருமுறை மாரிக்கு முன்பே கிடுகு, கயிறு, வேய்பவர் கூலி என மீண்டும் பணம் வேண்டும். தகரத்தை உப்புக்காற்று அரித்துவிடும். ஓட்டுக்கூரைக்கு ஓட்டின் விலையோடு பாரந்தாங்கும் மரங்களும் தேவை. எனினும் அது பல தசாப்தங்கள் நிலைக்கும். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும்.

"இவ்வளவு காலமும் வேய்ஞ்ச காசுக்கு ஓடே போட்டிருக்கலாம், சுவாமி" என்றார் வீட்டுத் தலைவி.

உண்மைதான். ஆனால் அக்காசு ஒருநாளும் ஒன்றாகக் கையில் இருந்ததில்லை. ஏழை அதிகம் செலவழிப்பது அறியாமையால் அன்று. கையில் முதல் இல்லாமையால்.

அதற்காக அதிக வட்டிக்குக் கடன்படலாகாது. ஆண்டு வட்டி வேய்ச்சல் செலவை மிஞ்சினால், ஓட்டால் வரும் மிச்சத்தை வட்டியே விழுங்கிவிடும். குறைந்த வட்டியில் சிக்கன கடனுதவிச் சங்கக் கடன், அல்லது படிப்படியான வேலை: இவ்வாண்டு மரங்கள், அதன்மேல் கிடுகு, சேமிப்புச் சேர்ந்தபின் ஓடு.

அடுத்த மாரிக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இக்கணக்கை எழுதிப் பார்ப்போமா?